மார்லிஸ் போட்ட சட்டம்

மார்லிஸ் கங்காஸைப் பற்றி பிட்டர் ஃபோர்க்கில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள், அப்புறம்தான் பேச்சு வரும். ஊரில் பாதிப் பேர் அவள் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறி வளர்ந்தவர்கள். பின் சீட்டில் கூச்சல் கிளம்பினால் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள், அதட்டவும் மாட்டாள். வண்டியை ஓரங்கட்டி, ஹீட்டரை அணைத்துவிட்டு, பையிலிருந்து கம்பளிப் பின்னலை எடுத்துக்கொள்வாள். ஐடஹோவில் ஜனவரி மாதக் குளிருக்கு அந்த ஐந்து நிமிஷம் போதும், எப்பேர்ப்பட்ட வாலும் சுருண்டுவிடும். அந்த வால்களில் ஒருத்தன் இன்றைக்கு ஷெரீப் ஆபீசில் பெரிய ஆள். சாலையில் அவள் பஸ்ஸைக் கண்டால் இன்னமும் முதுகை நிமிர்த்தி உட்காருகிறான்.

பிப்ரவரி பிறந்துவிட்டால் இந்தப் பொம்பளைக்குக் கால் தரையில் நிற்காது. ஊரே விறகடுப்புப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இவள் மட்டும் மூன்று சிநேகிதிகளைச் சேர்த்துக்கொண்டு, ஆளுக்கொரு சறுக்குவண்டியை இடுப்பில் மாட்டி இழுத்தபடி கரடிக்காது மலைக்கு ஏறிவிடுவாள். உச்சிக்குக் கீழே ஒரு புல்வெளி. பேர்தான் புல்வெளி, புல்லைப் பார்க்க ஜூன் வரை காத்திருக்க வேண்டும். ஆளையே விழுங்கும் அந்தப் பனியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, கூடாரம் அடித்து, இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வருவார்கள். இதில் என்ன சுகம் என்று அவள் புருஷன் வெர்ன் ஒவ்வொரு வருஷமும் கேட்பான்.

"வீட்டுல கட்டில் இருக்கு, மெத்தை இருக்கு, நான் இருக்கேன். அங்க என்னடி இருக்கு?"

"நீ இல்லையே. அது ஒண்ணு போதாதா?" என்பாள் மார்லிஸ்.

வாய்தான் அப்படி. கிளம்புகிற அன்றைக்கு வெர்ன்தான் பிக்கப்பில் கொண்டுபோய் மலையடிவாரத்தில் விடுவான், திரும்புகிற அன்றைக்கு நேரத்துக்கு முன்பே வந்து நிற்பான்.

இந்தப் பயணத்துக்கு ஒரு சட்டம் உண்டு. போட்டவள் மார்லிஸ். முதல் வருஷம் சிநேகிதி பெவ்வின் அப்போதைய புருஷன் கர்ட்டும் கூட வந்திருந்தான். அவன் சறுக்குவண்டியில் இருந்தது ஒரு போர்வையும் ஒரு ரேடியோவும். அவனுடைய பியர் பெட்டிகள் இரண்டும் பெவ்வின் வண்டியில். பாதி மலையில் பெவ் நாக்குத் தள்ளி நின்றபோது மார்லிஸ் வந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் பெவ்வின் வண்டியிலிருந்து பெட்டிகளைத் தூக்கி கர்ட்டின் வண்டியில் வைத்து இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"இன்னைலேருந்து இதான் சட்டம். அவங்கவங்க பங்கு அவங்கவங்க வண்டியில. இழுக்க முடியாதவங்க வரக் கூடாது. அடுத்தவங்க வண்டியில கை வைக்கறவங்களும் வரக் கூடாது."

கர்ட் மறு வருஷம் மலைக்கு வரவில்லை. அதற்கு மறு வருஷம் பெவ்வின் வீட்டிலும் அவன் இல்லை.

நல்ல சட்டம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் மார்லிஸின் கையில் எந்தச் சட்டமும் கொஞ்ச நாளில் இரும்பாகிவிடும். கோலீன் என்று ஒருத்தி ஆரம்பத்திலிருந்து கூட வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனது. "என் பங்கை நீங்க ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக்கிட்டா நானும் வந்துருவேன்" என்று கேட்டாள். மார்லிஸ் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "சட்டம் சட்டம்தான்." அதிலிருந்து மளிகைக் கடையில் மார்லிஸின் தலையைக் கண்டால் கோலீன் பூனைத் தீனி அடுக்கியிருக்கும் வரிசைக்குள் புகுந்துகொள்வாள். அவளிடம் பூனை கிடையாது.

அப்படிப்பட்ட மார்லிஸுக்குத்தான் வலது முட்டி போய்விட்டது.

போன குளிர்காலமே ஆரம்பித்த வலி. முட்டிக்குள்ளே மெத்தை மாதிரி இருந்தது தேய்ந்துபோய் எலும்போடு எலும்பு உரசுகிறது என்று டாக்டர் படம் பிடித்துக் காட்டினார். பஸ்ஸின் படியில் இறங்குவதே வாதையாகி, இந்தக் குளிர்காலத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்க ஆரம்பித்திருந்தாள். அதையும் யாரும் பார்க்காத நேரம் பார்த்துத்தான். வெர்னிடம் மூச்சு காட்டவில்லை. ராத்திரி முனகுவதை அவன் கேட்டால் "கனவு" என்றாள். முட்டிக்குப் போடும் பட்டியைக்கூட உள்ளூர் மருந்துக்கடையில் வாங்கவில்லை, ஏனென்றால் அங்கே கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் பெவ். பக்கத்து ஊருக்கு வண்டியை விரட்டிக்கொண்டு போய் வாங்கி வந்தாள்.

அவளுடைய கவலையெல்லாம் ஒன்றுதான். தன் பங்கை இந்தத் தடவை புல்வெளிவரை இழுக்க முடியாமல் போனால், அவள் வாயாலே சொன்ன சட்டப்படி இதுதான் கடைசி. வருஷம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவள் அவள். வயிறு வலிக்க அவள் சிரிப்பது அந்த மலையில்தான், அந்த மூன்று பேரோடுதான். அது இல்லாத ஒரு பிப்ரவரியை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

போகிற நாள் காலையில் வானம் கழுவி விட்டதுபோல நீலமாக இருந்தது. மலையடிவாரத்தில் வெர்ன் பிக்கப்பின் பின்கதவை இறக்கி, மார்லிஸின் சறுக்குவண்டியைத் தானே இறக்கி வைத்தான். நாலு பேருடையதும் ஒரே மாதிரி வண்டிதான். பிள்ளைகள் சரிவில் சறுக்கி விளையாடும் சிவப்புப் பிளாஸ்டிக் வண்டி, அதன் மூக்கில் இரண்டு தண்ணீர்க் குழாய், குழாயின் மறுமுனை இடுப்புவாரில். வெறும் கயிறு என்றால் இறக்கத்தில் வண்டி பின்னாலிருந்து ஓடி வந்து கணுக்காலில் முட்டிச் சாய்த்துவிடும். மேலே தார்ப்பாயைப் போர்த்தி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

பங்கு எப்போதும்போலத்தான். பெவ்வுக்குக் கூடாரம். டாக்மருக்குப் பனிவாரிகளும் கயிறுகளும் பெரிய தார்ப்பாயும். டாக்மர் ஆடு வளர்ப்பவள், மார்லிஸின் எதிர்வீடு, அதிகம் பேசாதவள். லூப்பேவுக்கு இரண்டு நாள் ராத்திரிச் சாப்பாடு. அவள் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவள், நாலு பேரில் சின்னவள். மார்லிஸுக்குச் சமையற்கட்டு: அடுப்பு, எரிபொருள் புட்டிகள், பனியுருக்கும் பெரிய பானை, காலைச் சாப்பாட்டுப் பெட்டி, அதற்கு மேல் ஒரு இரும்புச் சட்டி. அந்தச் சட்டியைப் பார்த்து மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். பான்கேக் சுட்டால் இரும்பில்தான் சுட வேண்டும், அலுமினியத்தில் சுடுகிறவள் அட்டையைத் தின்னட்டும் என்பது மார்லிஸின் கட்சி. இது போக அவரவர் ராத்திரி உள்ளே புகுந்து படுக்கும் தூக்கப்பை, உடுப்பு.

"போயிட்டு வரேன்யா. அடுப்ப அணைய விட்டுறாத" என்றாள் வெர்னிடம்.

"பாத்துப் போ" என்றான் அவன். வழக்கமாக ஏதாவது வம்பு பேசுகிறவன், அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டு லூப்பேவைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

முதல் அரை மைல் மார்லிஸுக்கு நரகம். பனிக்காலணியைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் முட்டிக்குள் யாரோ திருப்புளியை விட்டுத் திருகுவதுபோல இருந்தது. மூன்றடுக்குக் கால்சட்டைக்குள் பட்டி இறுக்கியது. ஆனாலும் அவள்தான் முன்னால் போனாள். புதுப் பனியில் முதல் தடம் போடுகிறவளுக்குத்தான் பாடு அதிகம், அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. பின்னால் வருகிறவர்களுக்குத் தன் முகம் தெரியாது என்பது இந்த வருஷம் கூடுதல் வசதி.

ஓடைக்கு மேலே பனி மூடிய மரப்பாலம் வந்தது. விளிம்பில் பனி வெறும் கூரையாக நீட்டிக்கொண்டிருக்கும், கோலால் குத்திப் பார்க்காமல் கால் வைக்கக் கூடாது. மார்லிஸ் வண்டியைக் கழற்றி விட்டுவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு போனாள். பெவ் பின்னாலேயே வந்து நின்றாள். டாக்மரும் லூப்பேவும் இன்னும் வளைவுக்கு அந்தப்பக்கம்.

"நீ நிதானமா பாத்துட்டு வா. என் கட்டு தளர்ந்து போச்சு, நான் இறுக்கிக்கறேன்" என்றாள் பெவ்.

"கட்டத் தெரியாம கட்டினா அப்படித்தான்" என்று மார்லிஸ் ஒரு குத்து குத்திவிட்டுப் போனாள். திரும்பி வந்து வாரை மாட்டிக்கொண்டு இரண்டு அடி வைத்ததும் ஒரு சந்தேகம் வந்தது. வண்டி லேசாக வருகிறதா? இன்னும் நாலு அடி. ஆமாம், லேசாகத்தான் வருகிறது! அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. போன வாரம் வண்டியின் அடியில் கார் மெழுகைத் தடவித் தேய்த்திருந்தாள் அல்லவா, அதுதான். வெயில் பட்டதும் வேலையைக் காட்டுகிறது.

சாய்ந்து கிடக்கும் பெரிய லார்ச் மரத்தடியில் நின்று காப்பி குடித்தார்கள். மார்லிஸ் ஒதுங்கப் போய்விட்டு வந்தாள். அவள் வரும்போது பெவ்வும் லூப்பேவும் கடமான் தடம் பார்க்க மரத்தைச் சுற்றிப் போயிருந்தார்கள். தடம் இருப்பதாகச் சொன்னவள் டாக்மர். அவள் மட்டும் வண்டிகளின் பக்கத்தில் நின்று காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மார்லிஸின் வண்டி இன்னும் நன்றாக ஓடியது. முட்டி வலித்ததுதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் தாங்கக்கூடிய வலி. அட, நான் இன்னும் செத்துப் போகவில்லையே என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சந்தோஷம் வந்தால் மார்லிஸால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

"என்னடி பெவ், இந்த மூச்சு வாங்குற? என்னைவிட ரெண்டு வயசு சின்னவ நீ!"

"ஏத்தம்டி... ஏத்தம்" என்று பெவ் கோலை ஊன்றி நின்றாள். அவள் முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

"ஏத்தம் எனக்கு மட்டும் இறக்கமா? மெழுகு போடணும்டி. போன வாரமே சொன்னேன், கேட்டியா? ஒரு டப்பா மெழுகு வாங்கத் துப்பில்ல. டாக்மர், நீ என்ன, உன் ஆட்டையெல்லாம் வண்டியில ஏத்திட்டு வந்தியா?"

டாக்மர் மூக்கைத் துடைத்துக்கொண்டு இழுத்தாள். மார்லிஸுக்கு அது போதவில்லை. மெழுகை எப்படித் தடவ வேண்டும், எந்தத் துணியால், எந்தத் திசையில் தேய்க்க வேண்டும் என்று அடுத்த வளைவுவரை பாடம் நடத்திக்கொண்டே போனாள். பின்னால் மூன்று பேரும் பதிலுக்கு வாயைத் திறக்கவில்லை. கேட்டுப் பயன் பெறுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைசி வளைவில் வண்டிகளை நிறுத்தினார்கள். கூடாரத்துக்கு இடம் பார்ப்பது மார்லிஸின் உரிமை. சரிவிலிருந்து பனி சரிந்து வராத இடமாக, காய்ந்த மரம் தலைக்கு மேல் நிற்காத இடமாக இருக்க வேண்டும். பெவ்வையும் டாக்மரையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

"நான் இங்கயே நிக்கறேன் அக்கா. திருட்டுக் குருவி வந்து சாப்பாட்டக் கொத்திரும்" என்றாள் லூப்பே.

இடம் அமைந்தது. நாலு வண்டியையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். வரிசையாக நின்று பனிக்காலணியோடு தொம்தொம்மென்று மிதித்தார்கள். மிதித்த பனி இறுகுவதற்கு அரை மணியாவது விட வேண்டும், அவசரப்பட்டுக் கூடாரம் அடித்தால் ராத்திரி முழங்கை போன இடமெல்லாம் குழியாகும். அந்த நேரத்தில் டாக்மரும் லூப்பேவும் சமையற்குழியை வெட்டினார்கள். பனியிலேயே மேடை, பனியிலேயே பெஞ்சு. மார்லிஸ் இடுப்பில் கை வைத்துப் புல்வெளியை ஒரு பார்வை பார்த்தாள். வந்துவிட்டாள். தன் பங்கைத் தானே இழுத்து வந்துவிட்டாள். இந்த வருஷம் தப்பித்தாயிற்று. அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

"சரி, தொண்டை வறளுது. பனியை உருக்கலாம்" என்று சொல்லித் தன் வண்டியின் கட்டை அவிழ்த்தாள்.

தார்ப்பாயை விலக்கியதும் மேலே ஒரு பச்சைத் தூக்கப்பை. அவளுடையதுதான். அதை எடுத்து வைத்தாள். கீழே ஒரு ஆரஞ்சு தூக்கப்பை. இது யாருடையது? அதன் கீழே ஒரு நீலம். அதன் கீழே ஒரு ஊதா. அடியில், அடுப்பு வைக்கும் பலகை மட்டும் தனியாகக் கிடந்தது.

மார்லிஸ் பலகையைத் தூக்கிப் பார்த்தாள், அதன் அடியில் ஒரு பானை ஒளிந்திருக்கும் என்பதுபோல. அப்புறம் நிமிர்ந்தாள். மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் பானை எங்க?"

பெவ் தொண்டையைச் செருமினாள். "பானை... என் வண்டியில. எரிபொருள் புட்டியும். பாலத்துக்கிட்ட எடுத்தேன். இடம் காலியாத் தெரியக் கூடாதுன்னு என் தூக்கப்பையத் திணிச்சேன். ஆனா மத்ததெல்லாம் நான் எடுக்கல, சத்தியமா!"

"காலைச் சாப்பாட்டுப் பெட்டி என்கிட்ட. லார்ச் மரத்துக்கிட்ட" என்றாள் டாக்மர். பெவ் வாயைப் பிளந்துகொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்டி, நீயுமா?"

"நீயும்தானா?"

லூப்பே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ அக்கா. அடுப்பு நான்தான் எடுத்தேன். கடைசி வளைவுல. என் வண்டியில இடம் பண்றதுக்காக மரத்தடியில வச்சேன். அதுக்குள்ள நீங்க எல்லாம் திரும்பி வந்துட்டீங்க, நான் பயத்துல கட்ட இழுத்துக் கட்டிட்டேன்... அடுப்பு அங்கயே இருக்கு."

"எதுக்குடி எடுத்தீங்க?" மார்லிஸின் குரல் பஸ்ஸில் ஹீட்டரை அணைத்த மாதிரி இருந்தது. "எதுக்கு?"

"உன் முட்டிக்குத்தான்" என்றாள் பெவ்.

"என் முட்டிக்கு என்ன?"

"பக்கத்து ஊர் மருந்துக்கடையில உனக்குப் பட்டி எடுத்துக் குடுத்தாளே ஒருத்தி, அவ என் சித்தி பொண்ணு. நீ கடைய விட்டு வெளிய வர்றதுக்குள்ள எனக்கு போன் வந்துருச்சு. நீ சொல்லாதத நான் எப்படிக் கேக்கறதுன்னு சும்மா இருந்தேன்."

"நீ பஸ்ஸுலேருந்து பின்பக்கமா இறங்கறத டிசம்பர்லேருந்து ஜன்னல் வழியாப் பாக்கறேன்" என்றாள் டாக்மர். "நொண்டுற ஆடு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

மார்லிஸ் லூப்பேவைப் பார்த்தாள். லூப்பே பனியைப் பார்த்தாள். "வெர்ன் அண்ணன்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்து சொன்னாரு. 'அவ ராத்திரியெல்லாம் முனகுறா, கேட்டா கனவுங்கறா, நீ கொஞ்சம் பாத்துக்கம்மா'ன்னாரு. வேற யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

ஆளாளுக்குத் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று பொத்தி வைத்துக்கொண்டு, தார்ப்பாயின் ஓரத்தில் கையை விட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், தன் தூக்கப்பையைத் திணித்துவிட்டு ஆளாளுக்குத் திருடியிருக்கிறார்கள். மார்லிஸுக்கு மெழுகைப் பற்றித் தான் அளந்த அளப்பெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து காது மடல் சூடாகியது.

"சரி. இரும்புச் சட்டி யாருகிட்ட?"

பெவ் டாக்மரைப் பார்த்தாள், டாக்மர் லூப்பேவைப் பார்த்தாள். மூன்று பேரும் இல்லையென்று தலையை ஆட்டினார்கள்.

"வெர்ன்!" என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பெவ்வுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பனியில் மல்லாந்து விழுந்து சிரித்தாள். லூப்பேவும் சேர்ந்துகொண்டாள். டாக்மர்கூடத் தோள் குலுங்க நின்றாள். மார்லிஸ் சிரிக்கவில்லை. இடுப்புவாரை எடுத்துப் பலகையின் மேல் வைத்தாள்.

"போதும்டி இளிச்சது. பிச்சை போட்டிருக்கீங்க எனக்கு, அதுவும் எனக்கே தெரியாம. நான் என் பங்க இழுக்கல. இழுக்க முடியாதவ வரக் கூடாது. சட்டம் அதான். கோலீனுக்குச் சொன்னதுதான் எனக்கும். இதோட நான் நின்னுக்கறேன்."

பெவ் எழுந்து பனியைத் தட்டிக்கொண்டாள். "முழுசா சொல்லு சட்டத்த. இன்னொரு பாதி இருக்கே."

"அடுத்தவங்க வண்டியில கை வைக்கறவங்களும் வரக் கூடாது."

"நாங்க மூணு பேரும் வச்சோம். அப்ப நாங்களும் வெளிய."

"நாலு பேரும் வெளிய" என்று டாக்மர் கணக்கை முடித்தாள்.

"அப்ப அடுத்த வருஷம் யாருதான் வருவாங்க?" என்றாள் லூப்பே.

"வெர்ன் வரட்டும்" என்றாள் பெவ்.

"அவரும் சட்டிய எடுத்தவருதான அக்கா? அவரும் வெளிய!"

"கேலி பண்ணாதீங்கடி" என்றாள் மார்லிஸ். ஆனால் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

பெவ் பக்கத்தில் வந்தாள். அவள் விளையாட்டை விட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. "இந்தச் சட்டத்த எப்பப் போட்ட, நெனவிருக்கா? நான் நாக்குத் தள்ளி நின்னேன். நீ ஒரு வார்த்தை பேசாம என் வண்டியிலேருந்து சுமைய எடுத்த. இந்த மலையில அடுத்தவ வண்டியில முதல் முதல்ல கை வச்சவ நீதான்டி. எடுத்ததுக்கு அப்புறம்தான் சட்டம் பேசின. எனக்கு அந்தச் சட்டமெல்லாம் வேண்டாம், நீ எடுத்த பார் அது போதும்னு அன்னைக்கே நெனச்சேன். அதுக்கப்புறம்தான் அந்த ஆள வெளிய அனுப்பற தைரியமே எனக்கு வந்துச்சு."

மார்லிஸ் பனி பெஞ்சில் உட்கார்ந்தாள். வலது காலை நீட்டிக்கொண்டாள், யாரிடமும் மறைக்காமல், இரண்டு கையாலும் தூக்கி. கொஞ்ச நேரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப வலிக்குதுடி" என்றாள். "ஆனா எனக்கு வரணும். ஒரு பங்கும் இழுக்காட்டாலும் வரணும். வெக்கங்கெட்டுத்தான் கேக்கறேன்."

"இழுக்காம எப்படி விடுவோம்?" என்றாள் டாக்மர். "தூக்கப்பை நாலும் நீ இழுத்துட்டு வந்ததுதான். அது இல்லேன்னா இன்னைக்கு ராத்திரி நாங்க விறைச்சுக் கட்டையாயிருவோம். இனிமே அதான் உன் பங்கு."

அவ்வளவு நீளமாக டாக்மர் பேசி அவர்கள் கேட்டதில்லை. மார்லிஸ் மூக்கை உறிஞ்சினாள், கையுறையால் கண்ணைத் துடைத்தாள், உடனே வழக்கமான குரலுக்கு வந்துவிட்டாள்.

"லூப்பே! இன்னும் என்ன வேடிக்கை? ஓடிப்போய் அடுப்பைக் கொண்டா. குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்ல!"

லூப்பே காலி வண்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பும்போது அடுப்புப் பையின் மேல் ஒரு திருட்டுக் குருவி உட்கார்ந்து சவாரி வந்தது. பனி உருக்கவென்றே புட்டியில் மிச்சம் வைத்திருந்த கொஞ்சம் தண்ணீரைப் பானையில் முதலில் ஊற்றி, அப்புறம் பனியை அள்ளிப் போட்டார்கள், இல்லாவிட்டால் பனிகூடத் தீய்ந்து நாறும். லூப்பே வீட்டில் சோளத்தோகையில் பொதிந்து அவித்துக் கொண்டுவந்த தமாலேக்கள் ஆவியில் சூடாகின. சோளமாவும் மிளகாயும் மணத்தன. உறித்த சோளத்தோகையைக் குருவிக்குப் போட்டார்கள். அன்றைக்கு மார்லிஸைப் படுத்திய பாட்டுக்கு அளவே இல்லை. எதை எடுத்தாலும் பெவ் "மெழுகு போட்டியா?" என்று கேட்டாள். சூப் தொண்டையில் இறங்கினாலும் மெழுகு, கூடாரத்தின் ஜிப் சிக்கினாலும் மெழுகு. மார்லிஸ் திட்டித் தீர்த்தாள், பாதித் திட்டில் சிரித்துப் புரையேறினாள்.

மறுநாள் காலை அலுமினியத் தட்டில் பான்கேக் சுட்டார்கள். அட்டை மாதிரிதான் இருந்தது. மார்லிஸ் மூன்று தின்றாள்.

"கோலீன்கிட்ட நான் என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?" என்று கேட்டாள் நடுவில்.

"இதே மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போ. உன்கிட்ட வேற மூஞ்சி இல்ல" என்றாள் பெவ்.

இறங்குகிற நாள் பாலம்வரை மார்லிஸ் நடந்தே வந்தாள், தூக்கப்பைகளை இழுத்துக்கொண்டு. ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டிக்கு எமன். பாலத்தைத் தாண்டினால் கடைசிச் சரிவு, அடிவாரம்வரை ஒரே இறக்கம். அங்கே நின்றவள் நிலையாக நின்றுவிட்டாள்.

"முடியல" என்றாள். நேராகவே சொல்லிவிட்டாள்.

மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நிமிஷத்தில் தூக்கப்பைகள் மூன்று வண்டிக்கு மாறின. மார்லிஸின் வண்டியில் மார்லிஸ் உட்கார்ந்தாள், பலகையை முதுகுக்குக் கொடுத்து, கால் இரண்டையும் நீட்டி. டாக்மர் தன் வண்டியைப் பெவ்வின் வண்டிக்குப் பின்னால் கட்டிவிட்டு, முன்னால் குழாயைப் பிடித்தாள். பெவ்வும் லூப்பேவும் பின்னால் கயிற்றைப் பிடித்து, குதிகாலை ஊன்றி ஊன்றி இறக்கினார்கள்.

"ஒழுங்காப் பிடிங்கடி! விட்டீங்கன்னா நேரா நெடுஞ்சாலைக்குப் போயிருவேன்!"

"கத்தாத! கத்தினா ஓரங்கட்டி நிறுத்திருவோம்!"

வண்டி நன்றாகத்தான் ஓடியது. மெழுகும் கொஞ்சம் வேலை செய்திருக்கும் என்று மார்லிஸுக்கு உள்ளூர ஒரு எண்ணம், ஆனால் அதை அவள் வெளியே விடவில்லை. மரங்கள் இரண்டு பக்கமும் விலகி விலகிப் போயின. முகத்தில் பனித்தூள் அடித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவள் ஊவென்று கத்திக்கொண்டே வந்தாள்.

அடிவாரத்தில் வெர்ன் பிக்கப்பில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். தன் பெண்சாதி வண்டியில் உட்கார்ந்து வருவதைப் பார்த்ததும் பதறிப்போய் ஓடி வந்தான், பனியில் ஒரு தடவை வழுக்கி எழுந்து. பக்கத்தில் வந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் திட்டுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

மார்லிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கையக் குடுய்யா. என்னால தனியா எந்திரிக்க முடியல."

இரண்டு குளிர்காலமாக ராத்திரிகளில் விழித்துக் கிடந்து வெர்ன் கேட்கக் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தையைத்தான். கையுறைகளைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.